சின்னவளுக்குக் கிடார் வாங்கலாமா?

டவுன் பெரியப்பா: வயலினுக்கே இன்னும் சம்பளம் கட்டிக்கொண்டிருக்கிறோம். அதற்குள் கிடாரா? முதலில் அரங்கேற்றம் முடியட்டும்.

நான்: பெரியப்பா, பாடகி பீபடூபியும் 7 வருடம் வயலின் படித்தவள்தான். அதற்குப் பிறகுதான் கிடார்.

டவுன் பெரியப்பா: அது என்ன பெயர், பூச்சாண்டி மாதிரி?

நான்: மேடைப் பெயர். 2000இல் பிலிப்பைன்ஸின் இலோயிலோவில் பிறந்தவள். 3 வயதில் பெற்றோரோடு லண்டன் போய்விட்டாள். 17 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

டவுன் பெரியப்பா: நல்ல உதாரணம்!

அப்பா: முழுதும் கேளுங்கள் அண்ணே. மகள் சும்மா இருக்க வேண்டாம் என்று அவள் அப்பா பழைய கிடார் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். தானாகவே பழகி, முதலில் எழுதிய பாட்டுதான் 2017இல் வந்த ‘காபி’.

தாராவி அத்தை: அதைக் கனடாக்காரப் பையன் பவ்ஃபு தன் பாட்டில் எடுத்துச் சேர்த்தான். 2020இல் இங்கே டிக்டாக்குக்குத் தடை வருமுன் எங்கள் மாடிப்படியில் ஓயாமல் அதுதான். பாடுகிற பெண் யார் என்று ஒரு பயலுக்கும் தெரியாது.

டவுன் பெரியப்பா: அப்படியானால் குருட்டு அதிர்ஷ்டம்.

தாராவி அத்தை: ஒரு பாட்டுக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லலாம் அண்ணே. அதே வருடம் முதல் ஆல்பம், 2022இல் அடுத்தது, 2023இல் அமெரிக்காவில் டெய்லர் ஸ்விஃப்ட் கச்சேரிக்கு முன்னால் பாடினாள். 2024இல் மூன்றாவது ஆல்பம் பிரிட்டனில் முதலிடம். வந்த கூட்டம் கலையாமல் இருக்க உட்கார்ந்து எழுத வேண்டாமா?

ஆச்சி: அந்தப் பிள்ளை தன் ஊர்ப் பாட்டு கேட்குமா?

நான்: கேட்டுத்தான் வளர்ந்தாள் ஆச்சி. பாடுவது ஆங்கிலத்தில்.

ஆச்சி: நீயும் கோயில் கொடைக்கு வந்து வில்லுப்பாட்டு கேள். போன வருடம் பாதியிலேயே தூங்கிவிட்டாய்.

அப்பா: சமாதானபுரத்தில் ஒருவர் கிடார் விற்கிறார். படம் அனுப்பியிருக்கிறேன்.

டவுன் பெரியப்பா: பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு தந்தியில் ஐந்துதான் இருக்கிறது. அது போனால் போகிறது, புதிதாக மாட்டிக்கொள்ளலாம். கழுத்து வளைந்த மாதிரி தெரிகிறதே, அது ஆகாது. நான் வந்து பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதே.

தாராவி அத்தை: அண்ணன் பேரம் பேச இறங்கிவிட்டார்!

டவுன் பெரியப்பா: வயலின் வகுப்பு நிற்கக் கூடாது. இப்போதே சொல்லிவிட்டேன்.

நான்: நிற்காது பெரியப்பா.

அப்பா: நாளைக் காலை 10 மணிக்கு வ.உ.சி. மைதானத்து வாசலில் நிற்கிறேன் அண்ணே.