டேட்டா மாறியும் திரை மாறாத அனுபவங்கள்: செட்டிநாட்டுப் பக்கத்து நிரலர்கள் பகிரலாம்

ஆத்தங்குடி ஓடு

இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஓட்டுப் பட்டறை ஒன்றின் தளத்தில், வாடிக்கையாளர் தம் வீட்டுத் தரைக்கான பூவேலையைத் தாமே நிறம் மாற்றிப் பார்க்கும் பக்கம் ரியாக்டில் (வலைப்பக்கத் திரையைக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) இருக்கிறது. என் கைக்கு வரும்போதே அது பழைய கோட். கண்ணாடியின்மேல் அச்சை வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனி வண்ணக் கலவையை ஊற்றுவதுதான் அங்கே தொழில் என்பதால், டேட்டாவும் ஓடு, ஓட்டுக்குள் பூ, பூவுக்குள் இதழ்கள், இதழுக்குள் நிறம் என்று அடுக்கடுக்காக இருந்தது.

வளவுத் தரையைப் புதுப்பிக்க வந்திருந்த ஓர் ஆச்சி, பட்டறை அலுவலகத்தில் டேப்லெட்டைக் கையில் வாங்கி, இதழுக்குப் பச்சையைத் தொட்டார். பச்சைக்கு விலை கூடுதல்; கீழே தொகை உடனே ஏறியது. மேலே பூ மட்டும் சிவப்பாகவே இருந்தது. "ஏந்தம்பி, பச்சைக்குக் காசு ஏறிருச்சு, பச்சையக் காணோமே?" என்றார். மறுபடியும் அழுத்திப் பார்த்தார், பயனில்லை. அலுத்துப்போய்க் கரை ஓட்டின் அகலத்தை மாற்றினார். அதுவரை ஒளிந்திருந்த பச்சை ஒரேயடியாக வந்து நின்றது. "இப்ப மட்டும் எங்கேருந்து வந்துச்சு?" என்றாரே, பிழையைப் பிடிப்பதற்கான நுனி அந்தக் கேள்வியில்தான் இருந்தது.

நிறம் மாற்றும் ஃபங்ஷன், இதழின் நிறத்தை இருந்த இடத்திலேயே மாற்றிவிட்டு, அதே ஓடு ஆப்ஜெக்டையே ஸ்டேட்டுக்கு (திரைக்கு ஆதாரமாக ரியாக்ட் வைத்திருக்கும் டேட்டா) திருப்பிக் கொடுத்திருந்தது. ரியாக்ட் பழையதையும் புதியதையும் ரெஃபரன்ஸ் அளவில் (உள்ளே இருப்பதைப் பார்க்காமல், அதே ஆப்ஜெக்ட்தானா என்று மட்டும்) ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்றால் மாற்றமே இல்லை என்று முடிவு கட்டிவிடும். வீட்டுக்குள் சுவருக்கு என்ன வர்ணம் அடித்தாலும் வாசலில் கதவிலக்கம் மாறாது அல்லவா? தொகை தனி ஸ்டேட் என்பதால் மேலே இருந்த காம்போனென்ட் (திரையின் ஒரு துண்டு) ரெண்டர் ஆயிற்று, அதாவது மறுபடி வரையப்பட்டது; ஆனால் பூவை வரையும் காம்போனென்ட் மெமோவில் (வந்த மதிப்பு மாறாவிட்டால் மறுபடி வரையாமல் விடும் உறை) சுற்றப்பட்டிருந்ததால், தனக்கு மேலிருந்து வந்த மதிப்பான ப்ராப் பழையதே என்று நம்பி ஒதுங்கிக்கொண்டது. கரை அகலத்தை மாற்றும் ஃபங்ஷன் ஸ்ப்ரெட் செய்து (உள்ளிருப்பதை அப்படியே பரப்பி) புதிய ஓடு ஆப்ஜெக்டை உண்டாக்கியது. அதனால்தான் பழைய பச்சையும் அதோடு வெளியே வந்தது.

மாறும் இதழில் தொடங்கி மேலே ஓடு வரை, அந்தப் பாதையில் இருக்கும் ஒவ்வொரு அடுக்குக்கும் புதிய நகல் எடுத்தவுடன் சரியாயிற்று. பக்கத்து இதழ்களைத் தொட வேண்டியதில்லை. பிரவுசரின் கன்சோலை நம்பி நேரத்தைப் போக்குகிறவர்களுக்கு ஒன்று: ஆப்ஜெக்டை அச்சிட்டால், நாம் விரித்துப் பார்க்கும் நேரத்து மதிப்பைத்தான் கன்சோல் காட்டும். அச்சிட்ட நேரத்தில் உள்ளே என்ன இருந்தது என்பதற்கு அது சாட்சியாகாது.

பள்ளத்தூர் பேரேடு

ஓட்டுக்காரர் விளக்கியது சரிதான். ஆனால் ஒரு நிறத்தை மாற்ற நான்கு அடுக்கை நகலெடுக்க வேண்டும் என்பதை எல்லாரும் இயல்பாக ஏற்றுக்கொள்வதுதான் எனக்கு விளங்கவில்லை. அது ரியாக்டின் பாரம். அதை நம் தலையில் ஏற்றியிருக்கிறார்கள்.

வியூவிலும் (ரியாக்டைப் போன்ற இன்னொரு கருவி) எனக்கு ஒரு கதை உண்டு என்பதை மறைக்கவில்லை. கல்யாண வீட்டில் மொய் எழுத வியூ 2-இல் செய்த பக்கம். மொய் மேசையில் ஒருவர் 501 என்று பதிவானதை 5001 என்று திருத்தச் சொன்னார். திருத்திச் சேமித்ததும் அச்சிட்ட சீட்டில் 5001 வந்தது. திரையில் 501 அப்படியே நின்றது. அவர் சீட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எதுண்ணே கணக்கு?" என்று கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். மொய் விஷயத்தில் அந்தக் கேள்வி எவ்வளவு சங்கடம் என்பதை இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அரேயில் (எண்ணிட்ட பட்டியலில்) ஒரு வரிசையை அதன் எண்ணைக் கொண்டு நேரடியாக மாற்றி எழுதினால் வியூ 2 அதைக் கவனிக்காது. ஆப்ஜெக்டில் முன்பு இல்லாத புதிய பண்பைச் சேர்த்தாலும் கவனிக்காது. இருக்கும் பண்புகளுக்குத்தான் அது முன்கூட்டியே கெட்டர், செட்டர் (படிப்பதையும் எழுதுவதையும் கவனிக்கும் ஃபங்ஷன்கள்) கட்டி வைக்கிறது. அதே வரிசைக்குள் தொகையை மட்டும் மாற்றியிருந்தால் திரை மாறியிருக்கும்; முழு வரிசையையும் தூக்கி வைத்ததுதான் வினை. ஸ்ப்ளைஸ் கொண்டோ, வியூ தரும் செட் கொண்டோ மாற்றினால் போதும். 2020-இல் வந்த வியூ 3, ப்ராக்ஸியை (ஆப்ஜெக்டின் முன் நின்று மாற்றங்களைக் கவனிக்கும் உறை) கொண்டு இந்தத் தொல்லையை அடியோடு நீக்கிவிட்டது. வியூ 2-க்கான ஆதரவு 2023 டிசம்பர் 31-உடன் முடிந்தும், மொய்ப் பக்கங்கள் பல இன்னும் அதிலேயே ஓடுகின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் வியூ 3-க்கு வந்துவிட்டால் இந்த நகலெடுக்கும் சடங்கு வேண்டாம்.

கானாடுகாத்தான் வாசி

பழைய வீடொன்றை விடுதியாக்கியவர்களின் முன்பதிவுப் பக்கம். விருந்தினர் மேலே நாட்காட்டியில் தேதியை மாற்றுகிறார். கீழே படிவத்தில் பழைய தேதியே நிற்கிறது. அதைக் கவனிக்காமல் உறுதிசெய்கிறார். பொங்கலுக்கு மறுநாள் முகப்புத் திண்ணையில் பெட்டியோடு வந்து நின்ற குடும்பத்துக்கு, அறை முந்தைய நாளுக்குப் பதிவாகி வீணாய்ப் பூட்டிக் கிடந்தது என்று மேலாளர் சொல்லவேண்டியிருந்தது.

காரணம் சிறியது. மேலிருந்து வரும் தேதியை, படிவ காம்போனென்ட் தன் ஸ்டேட்டின் தொடக்க மதிப்பாக எடுத்துக்கொண்டது. தொடக்க மதிப்பை ரியாக்ட் முதல் ரெண்டரில் மட்டுமே பார்க்கும். அதன்பின் ப்ராப் எத்தனை முறை மாறினாலும் திரும்பிப் பார்க்காது. எஃபெக்ட் (ரெண்டருக்குப் பின் ஓடும் ஃபங்ஷன்) எழுதி ப்ராப்பை ஸ்டேட்டுக்குள் ஊற்றலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. அதை விட்டுவிட்டு, தேதியைப் படிவத்துக்குள் வைத்துக்கொள்ளாமல் ப்ராப்பிலிருந்தே நேராகக் காட்டினோம். ஓரிடத்தில் இருக்கவேண்டிய தேதிக்கு இரண்டு இருப்பிடம் எதற்கு?

கொப்புடையம்மன் வீதி

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. கிளையன்ட் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, காம்போனென்டின் கீயில் ரேண்டம் எண்ணை வைத்தேன். திரை ஒவ்வொரு முறையும் புதிதாக வரையப்பட்டது. அவர் காசோலை எழுதினார். வேலை முடிந்தது.

தேவகோட்டை ரஸ்தா

பலகாரக் கடையின் சமையற்கட்டில் ஆர்டர்களைக் காட்டும் ஒரு டிவி. கைமுறுக்கு சுற்றும் பெண்கள் தலை நிமிர்ந்து பார்க்க வசதியாகப் பெரிய எழுத்தில் பட்டியல் ஓடும். முன்பு வேறொரு குழு எழுதிய பக்கம் அது. காலையில் மணகோலம் என்று வந்த ஆர்டர், சீப்புச் சீடை ஆர்டர் வந்த நொடியில் மறைந்துவிட்டது. மாவு கையோடு ஓர் அக்கா எழுந்து வந்து, "மணகோலத்தை யாரோ வேணாம்னுட்டாகளா?" என்று கேட்டார். மாவு ஏற்கெனவே பிசைந்தாயிற்று.

ஆர்டர்களைச் சில நொடிக்கு ஒரு முறை கேட்கும் டைமர், சார்புப் பட்டியல் (எவை மாறினால் மறுபடி ஓட வேண்டும் என்ற பட்டியல்) காலியாக இருந்த எஃபெக்டுக்குள் கட்டப்பட்டிருந்தது. அந்த ஃபங்ஷன் முதல் ரெண்டரின்போது இருந்த காலிப் பட்டியலையே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் 'காலிப் பட்டியல், அதோடு புதிய ஆர்டர்' என்று எழுதியது. ஸ்டேட்டை மாற்றும் செட்டருக்கு நேரடி மதிப்பைக் கொடுக்காமல், முந்தைய பட்டியலை வாங்கிப் புதியதைத் திருப்பித் தரும் ஃபங்ஷனைக் கொடுத்ததும் மணகோலம் நிலைத்தது.

பேரேடு அவர்களுக்கு ஒரு வார்த்தை. வியூ 3 அடியோடு நீக்கியது என்பதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. ரியாக்டிவ் ஆப்ஜெக்டிலிருந்து ஓர் எண்ணைப் பிரித்துத் தனி மாறியில் எடுத்துவைத்தால், அந்த மாறி வெறும் எண்தான்; மூலம் மாறினாலும் அது மாறாது. ஒரு பிழை போய் இன்னொன்று வந்திருக்கிறது.

கண்டாங்கிக் கட்டம்

என் அனுபவம் சிறியது: சேலைக் கடையின் தேடல் பெட்டியில் 'கண்டாங்கி' என்று முழுதாக அடித்தபின்னும், முதல் இரண்டு எழுத்துக்கு உரிய முடிவுகளே திரையில் நின்றன, முதலில் அனுப்பிய கோரிக்கையின் பதில் கடைசியாக வந்து சேர்ந்து, சரியானதை அழித்துவிட்டது. புதிய எழுத்து விழுந்ததும் பழைய கோரிக்கையை அபார்ட் கன்ட்ரோலரால் ரத்துசெய்தோம்.

ஆனால் நான் எழுத வந்தது வீதிக்காரருக்கு. கீ என்பது, ரெண்டருக்கு ரெண்டர் 'இது அதே பொருள்தான்' என்று அடையாளம் சொல்லுவதற்கானது. அதில் ரேண்டம் எண்ணை வைத்தால், ஒவ்வொரு ரெண்டரிலும் பழைய காம்போனென்டை முழுவதும் இடித்துவிட்டுப் புதியதைக் கட்டச் சொல்கிறீர்கள். உள்ளே இருந்த ஸ்டேட் போகும். உள்ளீட்டுப் பெட்டியில் ஒருவர் ஓர் எழுத்தை அடித்தவுடன் கர்சர் வெளியே விழும். உருட்டிய இடம் மேலே ஓடிவிடும். எஃபெக்டுகள் மறுபடி ஓடி சர்வரைத் தட்டும். பார்க்க மட்டும் இருக்கும் பக்கத்தில் இது தெரியாது. படிவம் உள்ள பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காசோலை எழுதிய கை தொலைபேசியை எடுக்கும். கீயை வேண்டுமென்றே மாற்றும் இடமும் உண்டு: வாடிக்கையாளர் எண்ணைக் கீயாக வைத்தால், வேறு வாடிக்கையாளருக்குப் போகும்போது படிவம் காலியாகத் தொடங்கும். அது அடையாளம் மாறும்போது மாறுகிறது, காரணமில்லாமல் மாறுவதில்லை. அரேயின் வரிசை எண்ணைக் கீயாக வைப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். நடுவில் ஒரு வரியை நீக்கினால், அந்த வரியில் அடித்துவைத்திருந்தது கீழ்வரியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

யாரும் கேட்கவில்லை என்றாலும், நான் எந்த வழியில் போவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, சர்வரிடமிருந்து புதிய மதிப்பு வந்ததா என்று பார்ப்பேன், ஏனென்றால் சர்வீஸ் வொர்க்கரோ பிரவுசரின் கேஷோ பழைய பதிலைக் கொடுத்துக்கொண்டிருந்தால், காம்போனென்டைக் குடைவது வீண். வந்திருந்தால் செட்டர் அழைக்கப்பட்டதா, அதற்குக் கொடுத்தது புதிய ரெஃபரன்ஸா என்று பார்ப்பேன். இங்கே பலரைக் கவிழ்ப்பது சார்ட்டும் ரிவர்ஸும்: அவை புதிய அரேயைத் தருவதுபோலத் தெரிந்தாலும், பழைய அரேயையே கலைத்து அதையே திருப்பித் தருகின்றன. அதற்காகத்தான் 2023-ஆம் ஆண்டின் தரநிலையில் டூசார்ட்டெட், டூரிவர்ஸ்ட் ஆகியவை சேர்க்கப்பட்டன. ரெஃபரன்ஸும் புதியது என்றால் மெமோக்கள், எஃபெக்டின் சார்புப் பட்டியல்கள். இன்னொன்று: செட்டரை அழைத்த அடுத்த வரியிலேயே மதிப்பை அச்சிட்டு 'மாறவில்லை' என்று பதறக் கூடாது. அந்த ரெண்டரின் ஃபங்ஷனுக்குள் மதிப்பு பழையதாகவே இருக்கும். புதியது அடுத்த ரெண்டரில்தான் வரும்.

கொப்புடையம்மன் வீதி

படிவம் இல்லாத பக்கம் என்பதால்தான் வைத்தேன்.

ஆத்தங்குடி ஓடு

பேரேடு அவர்களே, நகலெடுப்பதைச் சடங்கு என்றீர்கள். கையால் எழுதச் சலிப்பாக இருந்தால் இம்மர் போன்ற நூலகம் இருக்கிறது. இருந்த இடத்தில் மாற்றுவதுபோலவே எழுதலாம், தேவையான நகல்களை அது எடுத்துக்கொள்ளும். நீங்கள் பாராட்டும் ப்ராக்ஸிதான் அதற்குள்ளும் வேலை செய்கிறது.

நகலெடுத்ததால் எங்களுக்கு இலவசமாகக் கிடைத்த ஒன்றும் உண்டு. பழைய ஓடு ஆப்ஜெக்டுகள் கலையாமல் அப்படியே இருப்பதால், அவற்றை ஒரு அரேயில் வரிசையாக வைத்து 'முந்தைய நிறம்' என்று ஒரு பட்டனை வைத்துவிட்டோம். முன்பிருந்த கோடில் இதைச் செய்திருந்தால், அரேயின் எல்லா இடத்திலும் ஒரே ஓடு, கடைசி நிறத்தோடு உட்கார்ந்திருக்கும்.

பள்ளத்தூர் பேரேடு

அத்தனை நகலையும் வைத்திருந்தால் நினைவகம் என்ன ஆகும்? பட்டறை டேப்லெட் என்ன விலைக்கு வாங்கியது என்று எனக்குத் தெரியும்.

ஆத்தங்குடி ஓடு

ஓர் இதழின் நிறம் மாறினால் அந்த இதழும் அதற்கு மேலிருக்கும் அடுக்குகளும் மட்டுமே புதியவை. மற்ற இதழ்களைப் பழைய ஓடும் புதிய ஓடும் பகிர்ந்துகொள்கின்றன. அந்த டேப்லெட்டிலேயே தடங்கலின்றி ஓடுகிறது. வேண்டுமானால் பட்டறைக்கு வாருங்கள், காட்டுகிறேன்.