‘விண்டரைஸ்’: தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்கிழமை அச்சு, அவசரம்)

ஒட்டாவாவிலிருந்து:
வணக்கம். கேம்பிங் ட்ரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டி) வாங்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். கேம்பிங் முடிந்ததும் வண்டியை நிறுத்தி, தண்ணீர்த் தொட்டிகளை வடித்து, சுடுதண்ணீர்க் கலனைக் காலிசெய்து, குழாய்களில் இளஞ்சிவப்பு உறைதடுப்பு மருந்தை ஓடவிட்டு, பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பார்கள். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். ‘குளிர்காலத்துக்குத் தயார்படுத்தல்’ என்றால் தலைப்பு இரண்டு வரிக்கு ஓடுகிறது.

மதுரையிலிருந்து:
‘குளிர்காப்பு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், குளிரைக் காப்பாற்றும் ஐஸ்பெட்டி ஆகிவிடும். ஆறு பெரும்பொழுதில் கூதிர் என்ற குளிர்காலம் இருக்கிறதே! ‘கூதிர்ச்செறிப்பு’ என்கிறேன். நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டுவது இதைத்தான்: விசிறியைச் சுருக்கித் தொங்கவிட, அதில் சிலந்தி நூல் கட்டுகிறது, தென்றல் வரும் வேனிற்பள்ளியை அடைத்துத் தாழிடுகிறார்கள், கன்னல் என்ற குறுகிய வாய்ப் பாத்திரத்தில் தண்ணீர் குடிப்பதை விட்டுத் தடவு என்ற கணப்புச் சட்டியின் நெருப்பை நாடுகிறார்கள். இதைவிட என்ன விண்டரைஸ் வேண்டும்?

ஸ்காபரோவிலிருந்து:
ஐயா, கூதிர் ஐப்பசி கார்த்திகையோடு சரி. எங்களுக்குக் கண்டம் தை மாசியில். தவிர, அந்தச் சொல்லைக் கடைக் கவுன்டரில் ஒரு பிள்ளை உரக்கச் சொல்ல வேண்டும் என்பதையும் யோசியுங்கள்.
‘உறைதடுப்பு’ம் பிழை. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருகும், அதில்தான் குழாய் வெடிக்கிறது. இந்த இளஞ்சிவப்பு மருந்தும் கடுங்குளிரில் கூழாகும், ஆனால் குழாயை உடைக்காது. போத்தலில் போட்டிருக்கும் மைனஸ் 50 ஃபாரன்ஹீட், குழாய் வெடிக்காமல் காக்கும் அளவு, உறையாமல் காக்கும் அளவல்ல. ஆகவே ‘வெடிப்புத்தடுப்பு’.
போன வருடம் சுடுதண்ணீர்க் கலனுக்குள் மருந்து போகாமல் தடுக்கும் பைபாஸ் வால்வைத் திருப்ப மறந்துவிட்டேன். பம்ப் ஓடுகிறது, போத்தல் போத்தலாகக் காலியாகிறது, குழாயில் இளஞ்சிவப்பையே காணவில்லை. அத்தனையும் 6 கேலன் கலனுக்குள்! சொல் எதுவானாலும் சரி, வால்வைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

கோவையிலிருந்து:
‘வெடிப்புத்தடுப்பு’ என்ற போத்தலோடு விமானத்தில் ஏறிவிடாதீர்கள்.
என் ஓட்டு ‘பனிக்காப்பு’க்கு. மாரியம்மன் நோன்பில் காப்புக் கட்டினால் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பார்கள். வண்டியும் அப்படித்தானே நிற்கப்போகிறது? வசந்தத்தில் குழாயைக் கழுவி எடுப்பதற்கு ‘காப்பு அவிழ்ப்பு’. ஒரே வேரில் இரண்டு வேலை முடிந்தது.

மதுரையிலிருந்து:
நமக்குப் பனி என்றால் மார்கழிப் பனி. அதற்கு மஃப்ளர் போதும். ஆனால் பனித்தல் என்றால் நடுங்குதலும்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடுங்குவதால் பனியா, பனியால் நடுக்கமா என்பதைத் தனி இழையில் எழுதுகிறேன். காப்பு என்றால் வளையல் என்று படிப்பவர்களை என்ன செய்வீர்கள்?

ஸ்காபரோவிலிருந்து:
வளையல் என்று படித்துவிட்டு ட்ரெய்லருக்குள் தேட மாட்டார்கள் ஐயா. என் வீட்டில் எப்படியும் ‘விண்டரைஸ் பண்ணியாச்சா?’ தான்.

ஒட்டாவாவிலிருந்து:
நேற்றிரவே அனுப்பிவிட்டேன். தலைப்பில் ‘பனிக்காப்பு’, முதல் வரியில் ‘விண்டரைஸ் செய்தல்’. மருந்து ‘உறைதடுப்பு’ என்றே போகிறது, மன்னிக்கவும் அண்ணா. ‘காப்பு அவிழ்ப்பு’ கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை, வண்டிக்கும் திருவிழாவா என்று கேட்டார். மதுரை ஐயாவின் மறுப்பைக் குறித்துக்கொண்டேன்.
மூன்றாம் பக்கத்தில் இன்னொன்று: எலி நுழையாமல் அடிப்பக்கத்து ஓட்டைகளில் திணிப்பதற்கு ‘எஃகுப் பஞ்சு’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

மதுரையிலிருந்து:
எஃகு எப்படியம்மா பஞ்சாகும்? பஞ்சு என்பது…