அக்ரிகோலாவுக்கு வீட்டிலேயே காய்கள்: ஆட்டின் கால் ஏன் ஒடிகிறது?

தாயக்கட்டை:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது அக்ரிகோலா என்ற பண்ணை நடத்தும் பலகை ஆட்டத்தின் 2007 பழைய பதிப்பு. ஆடு என்றால் வெள்ளைக் கட்டை, காட்டுப்பன்றி கறுப்புக் கட்டை, மாடு பழுப்புக் கட்டை. மரம், களிமண், நாணல், கல், தானியம், காய்கறி எல்லாமே வண்ண வில்லைகள். 2016 திருத்தப் பதிப்பில் உருவமாக வெட்டிய மரக்காய்கள் வருகின்றன. அதற்காக இன்னொரு பெட்டி வாங்க மனமில்லை, பாலிமர் கிளேயில் நானே செய்துகொண்டிருக்கிறேன். மூன்று சிக்கல்.

ஓ.டி.ஜி. எனும் சின்ன மின் ஓவனில் 130 டிகிரி, 15 நிமிடம் வைக்கிறேன். ஆறியபின் கால்கள் பட்டென்று ஒடிகின்றன. வெள்ளை ஆட்டின் முதுகு மட்டும் டீ நிறத்துக்கு மாறுகிறது. மேலே அடித்த கிளியர் ஸ்ப்ரே ஒரு வாரமாகியும் பிசுபிசுக்கிறது.

கூடவே இன்னொன்று. மரம், நாணல், கல் மூன்றுக்கும் கிளே தவிர வேறு பொருள் உண்டா? ரெசினை, அதாவது இறுகிப் பிளாஸ்டிக் ஆகும் திரவத்தை, அச்சில் ஊற்றினால் வேலை குறையுமா?

களிமண்கை:

ஒடிவதற்குக் காரணம் அதிகம் வெந்தது அல்ல, போதாமல் வெந்தது. எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். பாலிமர் கிளே மண்ணே அல்ல; பி.வி.சி. தூளும் அதை இளக வைக்கும் எண்ணெய்ப் பொருளும் சேர்ந்த கலவை. சரியான சூட்டில் போதுமான நேரம் இருந்தால்தான் தூள் ஒன்றோடொன்று உருகி ஒட்டும். 15 நிமிடத்தில் வெளித்தோல் மட்டும் இறுகும், உள்ளே தூள் தூளாகவே இருக்கும். 6 மி.மீ. தடிமனுக்கு 30 நிமிடம் கொடுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் சூட்டை மாற்றாதீர்கள். சில வகைக்கு 110, சில வகைக்கு 130.

அடுத்தது, ஓவனின் திருகைக் கண்மூடி நம்பக்கூடாது. சின்ன ஓ.டி.ஜி.யில் கம்பி சூடாகி அணைந்து மறுபடி சூடாகும்போது 15, 20 டிகிரி ஏறி இறங்குவது சாதாரணம். உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, 15 நிமிடம் வெறுமனே சூடேற்றி, முள் ஒரே இடத்தில் நின்றபிறகு தட்டை வையுங்கள். முதல் தடவை ஆட்டை வைக்க வேண்டாம். 2 மி.மீ. தடிமனில் ஒரு பட்டை தேய்த்து வேகவைத்து, ஆறியபின் வளைத்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் சரி, பிஸ்கட் மாதிரி முறிந்தால் இன்னும் வேகவில்லை. ஏற்கெனவே செய்து வைத்தவற்றைத் தூக்கிப்போடாதீர்கள், பாலிமர் கிளேயை மறுபடியும் வேகவைக்கலாம். ஆனால் ஸ்ப்ரே அடித்ததை வைக்கக் கூடாது.

முதுகு பழுப்பானதற்கு மேல் கம்பிதான் காரணம். காற்றின் சூடு 130 ஆக இருந்தாலும் சிவந்த கம்பிக்கு நேர் கீழே இருக்கும் பகுதி அதைவிடச் சூடாகும். நடுத்தட்டில் ஒரு பீங்கான் டைல், அதன்மேல் வெள்ளைத்தாள், தாள்மேல் காய்கள், எல்லாவற்றுக்கும் மேலே அலுமினியத் தாளைக் கூடாரமாக மூடுங்கள். அலுமினியத் தாள் காய்களில் படக்கூடாது. கேக்குக்குச் செய்வதுபோல் குக்கரில் உப்புப் பரப்பி வேகவைக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே சூடு நம் கையில் இல்லை. கிளே கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். எப்போதும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்.

ஸ்ப்ரே பிசுபிசுப்பது நாள்பட்டாலும் போகாது. அதிலுள்ள கரைப்பான் கிளேயின் எண்ணெயோடு கலந்து மேல்பரப்பை இளக்கிவிடுகிறது. நெயில் பாலிஷும் இதையே செய்யும். அந்தக் காய்களைத் திரும்பச் செய்வதுதான் சுலபம். சரியாக வெந்த கிளேக்கு வார்னிஷே தேவையில்லை. பளபளப்பு வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ், மெல்லியதாக இரண்டு பூச்சு போதும்.

இனி உருவம். எல்லா ஆடும் ஒரே அளவில் வர, கிளேயை 8 மி.மீ. தடிமனில் கயிறாகத் திரித்து, ஸ்கேல் வைத்து 1 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் சீடைக்கு உருட்டுவதுபோல் உருட்டினால் சுமார் 10 மி.மீ. உருண்டை வரும், எடை ஏறக்குறைய 1 கிராம். 57 கிராம் கட்டி ஒன்றில் 50க்கு மேல் கிடைக்கும். நாலு காலையும் தனித்தனியாக ஒட்ட வேண்டாம். எவ்வளவு நன்றாக வெந்தாலும் ஆட்டத்தில் முதலில் போவது அந்தக் கால்கள்தான். உருண்டையை நீட்டி, அடியில் பல்குச்சியை நீளவாக்கிலும் குறுக்காகவும் அழுத்திப் பள்ளம் போட்டாலே நாலு கால் தெரியும். பழைய டூத்பிரஷ்ஷால் முதுகில் குத்தினால் கம்பளி. கறுப்பில் அரிசி அளவு எடுத்து முகமாக அழுத்திவிடுங்கள்.

வேலை செய்யும் வரிசையும் முக்கியம். வெள்ளையை முதலில் முடியுங்கள், பிறகு மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, கடைசியில் கறுப்பு. கறுப்பைத் தொட்ட கையோடு வெள்ளைக்கு வந்தால் சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாம்பல் கோடு விழும்.

மரப்பகடை:

களிமண்கை சொன்னதோடு நிறம் பற்றி ஒன்று. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் கறுப்புப் பன்றியும் கரும்பழுப்பு மாடும் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுதான். நிறத்தை நம்பாமல் வடிவத்தில் பிரித்துவிடுங்கள். பன்றிக்கு முதுகில் ஒரே நீள மடிப்பு, மூக்கு நீளம். மாட்டுக்கு இரண்டு கொம்பு மேடு, உடல் இன்னும் 3 மி.மீ. நீளம். கண்ணை மூடித் தடவினாலும் தெரிய வேண்டும்.

மற்ற பொருட்களுக்குக் கிளேயை விட நிஜப் பொருளே அழகு. நாணலுக்குப் பழைய கோரைப்பாய் இருந்தால் அதைவிட வேறு தேட வேண்டாம். ஏழெட்டுக் கோரையைச் சேர்த்து நடுவில் நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டு, அதற்கப்புறம் 16 மி.மீ. நீளத்துக்குக் கத்தரியுங்கள். வெட்டிவிட்டுக் கட்டினால் நுனிகள் சமமாக வராது. முடிச்சில் ஒரு துளி ஃபெவிகால். ஃபெவிக்விக் போன்ற நொடிப்பசை இங்கே ஆகாது. பருத்தி நூலில் பட்டவுடன் சூடாகிப் புகையும், மழைக்காலத்து ஈரக்காற்றில் சுற்றிலும் வெள்ளைப் பூச்சு வேறு படியும். கோரை கிடைக்காவிட்டால் விளக்கமாற்று ஈர்க்குச்சியின் மெல்லிய நுனிப்பகுதி.

மரத்துக்கு வேம்பு, கொய்யா மாதிரி 7, 8 மி.மீ. தடிமனுள்ள சுள்ளி. பட்டையோடு 15 மி.மீ. துண்டுகளாகச் சிறுபல் ரம்பத்தால் அறுத்து, இரண்டு முனையையும் 220 நம்பர் உப்புத்தாளில் தேயுங்கள். பச்சையாக அறுத்தால் காயும்போது பட்டை கழன்றுவிடும், பெட்டிக்குள் பூஞ்சையும் பிடிக்கும். நிழலில் இரண்டு மூன்று வாரம் காயட்டும். வண்டு உளுத்து மாவு கொட்டுவதைத் தடுக்கச் சூடேற்றுங்கள். ஏற்றுமதிக்குப் போகும் மரப்பெட்டிகளுக்கான சர்வதேச விதியே மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பதுதான். இவ்வளவு சின்னத் துண்டுக்கு ஓவனில் 70 டிகிரி, ஒரு மணி நேரம் தாராளம்.

கல்லுக்கு மீன்தொட்டியில் போடும் உருண்டைக் கூழாங்கல், 8 முதல் 10 மி.மீ. கட்டடத்துக்குப் போடும் சின்ன ஜல்லி வேண்டாம், அதன் முனை பலகையின் அச்சைக் கீறும். நிஜச் செங்கல் துண்டும் வேண்டாம், சிவப்புப் பொடி உதிர்ந்து எல்லாக் காயிலும் ஒட்டும். களிமண்ணுக்கு 12க்கு 8க்கு 6 மி.மீ. அளவில் செங்கல் நிறக் கிளே கட்டி போதும். தானியத்துக்கு நிஜ நெல், கோதுமை வைக்க ஆசை வரும். வண்டும் எலியும் பெட்டியைத் தேடி வரும், மஞ்சள் கிளேயில் கதிர்க்கட்டு செய்துகொள்ளுங்கள்.

வார்ப்படம்:

ரெசின் வேலையைக் குறைக்காது, வேறு வேலை ஆக்கும். ஒரு வகைக்கு 20 காய்தான் என்றால் கையால் செய்வதே வேகம். வார்க்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு எச்சரிக்கை. சிலிக்கான் அச்சு எடுக்கும்போது மூல உருவத்தைப் பள்ளிக் குழந்தைகளின் சாதாரண வண்ணக் களிமண்ணில் செய்யாதீர்கள். அதில் கந்தகம் இருந்தால் பிளாட்டினம் வகை சிலிக்கான் அதைத் தொடும் இடத்தில் இறுகாமல் கோந்தாக நிற்கும். ரப்பர் லேடெக்ஸ் கையுறையும் அதே கெடுதலைச் செய்யும், நைட்ரைல் போடுங்கள். வேகவைத்த பாலிமர் கிளே உருவம் நல்லது, ஆனாலும் ஓரமாக ஒரு துளி ஊற்றிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

எபாக்ஸி ரெசினில் விகிதம் எடைக்கா, கொள்ளளவுக்கா என்று பாட்டிலில் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். 20 கிராமுக்குக் குறைவாகக் கலந்தால் இரண்டு சொட்டு கூடினாலே விகிதம் கெட்டு, காய் கடைசிவரை ரப்பராகவே இருக்கும். ஈரமான நாட்களில் மேலே மெழுகுபோல் ஒரு படலம் வரும். அது கெட்டுப்போனதல்ல, இறுகியபின் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடும்.

தாயக்கட்டை:

மிக்க நன்றி. பட்டையை வளைத்துப் பார்க்கும் சோதனையிலிருந்தே தொடங்குகிறேன். இதே முறையில் கட்டான் என்ற பலகை ஆட்டத்துக்கும் செங்கல், கம்பளி, தானியம் செய்து சீட்டுகளுக்குப் பதிலாக வைக்கலாமா?

மரப்பகடை:

கட்டானில் வேண்டாம். அங்கே வளச்சீட்டுகள் மறைவாகக் கையில் இருப்பதே ஆட்டத்தின் பாதி. 7 விழுந்தால் கையில் 7க்கு மேல் இருப்பவர் பாதியைப் போட வேண்டும், கொள்ளையனை நகர்த்துபவர் பார்க்காமல் ஒரு சீட்டை உருவ வேண்டும். செங்கலையும் கம்பளியையும் மேசையில் பரப்பி வைத்தால் உருவுவது எப்படி? சீட்டும் ஒவ்வொரு வளத்துக்கும் 19தான். தீர்ந்துபோவதும் விதியில் கணக்கு. அக்ரிகோலாவில் பொருட்கள் எல்லாம் திறந்தே இருக்கும், அவற்றுக்கு உச்சவரம்பும் கிடையாது, அதனால்தான் இந்த வேலை அதற்குப் பொருந்துகிறது. கட்டானுக்குச் செய்ய ஆசையென்றால் 18 எண் வில்லைகளைச் செய்யுங்கள். 6க்கும் 8க்கும் சிவப்பு, எண்ணுக்குக் கீழே புள்ளிகள், பின்பக்கம் எழுத்து, மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

பையில் கைவிட்டு எடுக்கும் ஆட்டங்களிலும் கவனம். 2018இல் வந்த க்வாக்ஸ் ஆஃப் க்வெட்லின்பர்க் மாதிரி ஆட்டத்தில் காய்க்குக் காய் தடவினால் வித்தியாசம் தெரியக்கூடாது. அங்கே அசல் அட்டை வில்லையை நாணயம் வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் போடுவதே சரி. வில்லையின் விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து உறை வாங்குங்கள்.

களிமண்கை:

பெட்டிக்குள் போடுவதற்குமுன் ஒரு சோதனை. முடித்த கிளே காய்களை ஒரு ராத்திரி முழுக்க வெள்ளைத்தாள்மேல் வைத்துவிட்டு, காலையில் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். காய் இருந்த இடத்தில் எண்ணெய் வட்டம் தெரிந்தால் அது இன்னும் வேகவில்லை. அந்த எண்ணெய் பலகையின் அட்டையிலும் இறங்கும். மறுபடி 30 நிமிடம் ஓவனில் வையுங்கள். மீந்த பச்சைக் கிளேயைக் கெட்டியான கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டப்பாவில் வைக்காதீர்கள், டப்பாவையே அரித்து ஒட்டிக்கொள்ளும். ஜிப் வைத்த பாலித்தீன் பை போதும். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் 10 மி.மீ. ஆடு நேரே வாய்க்குத்தான் போகும், பெட்டியை மேல் அலமாரியில் வையுங்கள்.