புதுப்பிப்பு: பழைய பெஜோ ரேஸ் சைக்கிளில் இறுகிப்போன சீட் பில்லர் கழன்றது

புதுச்சேரியில் சிறுவயதிலிருந்து நான் வைத்திருக்கும் 1970களின் பிரெஞ்சு பெஜோ சைக்கிளில், எஃகு ஃப்ரேமுக்குள் அலுமினிய சீட் பில்லர் (சீட்டைத் தாங்கும் குழாய்) இறுகிவிட்டது. எப்படிக் கழற்றுவது என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவைத்துப் பார்த்தேன், அசையவில்லை. சூடு காட்டும் யோசனையைத் தொடவே இல்லை. அசல் பெயிண்ட் போய்விட்டால் பிறகு எதற்கு இந்தப் பாடு? பலித்தது ‘வைஸ்’ (மேசையில் பொருத்திய இறுக்குப்பிடி) யோசனைதான். சீட்டையும் சக்கரங்களையும் கழற்றி, ஃப்ரேமைத் தலைகீழாக்கி, பில்லரின் தலையை வைஸில் இறுக்கி, ஃப்ரேமையே நெம்புகோலாகப் பிடித்துத் திருப்பினோம். அதற்கு முன் பில்லருக்குள் ஐஸ் தூளை நிரப்பினோம். குளிரில் எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும். ‘டக்’கென்று ஒரு சத்தம், பிறகு கரகரவென்று திரும்பியது. வெளியே வந்த பில்லரில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை ஆக்சைடு.

எதிர்பாராதது, இரு பெடல் கைகளையும் இணைக்கும் அச்சைத் தாங்கும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கப். நம்மூர் சைக்கிள்களில் வலப்பக்கக் கப்பின் திருகுமரை இடப்புரி. வலஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். பழைய பிரெஞ்சு ஃப்ரேமில் இரண்டு பக்கமும் வலப்புரிதான், அளவு 35 மி.மீ. அதனால் இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். நம்மூர்க் கப் இதில் பொருந்தாது என்பதால் பழையதையே சுத்தம் செய்து, புது பால்ஸும் கிரீஸும் போட்டு மாட்டிவிட்டேன். பில்லருக்கும் இம்முறை தாராளமாகக் கிரீஸ். பிரேக் கட்டைகள் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.