திருகோணமலையிலிருந்து ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தோருக்கு: தவளை, தூண்டில், வேட்டை

கொட்டியாரக் குடாவின் கரையில் வளர்ந்த நம்மவர்கள் பலர், இங்கே வந்த பின் வேலைத்தலத்துக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் இடையிலேயே ஆண்டுகளைக் கழித்துவிடுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. வெளியே இறங்க விரும்புவோருக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் தவளை, பிறகு தூண்டில், வேட்டை கடைசியில்.

தவளைக் குரல் கேட்கப் போவதற்கு அனுமதிப்பத்திரமும் வேண்டாம், ஆங்கிலப் புலமையும் வேண்டாம். பிள்ளைகளோடு அம்மம்மாவையும் கூட்டிச் செல்லலாம். ஊரில் ஐப்பசி மழை விழுந்ததும் வயலும் குளமும் ஒலிக்கத் தொடங்கும். இங்கே பனி உருகி, ஏப்ரல் இரவுகள் சற்றுச் சூடேறும்போதுதான் அந்த ஒலி எழுகிறது. முதலில் கத்துபவற்றுள் ஒன்றான 'வூட் ஃப்ரொக்' என்னும் காட்டுத் தவளையின் குரல் வாத்தின் கத்தலை ஒத்திருக்கும். குளிர்காலத்தில் அது உதிர்ந்த இலைகளுக்கடியில் உறைந்தே கிடக்கிறது. உடல்நீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாகி, இதயத் துடிப்பும் நின்றுவிடுகிறது. ஈரல் வெளிவிடும் குளுக்கோசு உயிரணுக்களைக் காப்பதால், வசந்தத்தில் அது உருகி எழுந்து குளத்துக்குப் போகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டு அந்தக் குரலைக் கேட்கச் செய்யுங்கள். அதைவிடச் சிறந்த அறிவியல் பாடம் எனக்குத் தெரியாது.

ஆர்வம் கூடினால், பறவைப் பாதுகாப்பு அமைப்பான 'பேர்ட்ஸ் கனடா' நடத்தும் சதுப்புநிலக் கண்காணிப்புத் திட்டத்தில் தொண்டராகச் சேரலாம். சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பின், ஓரிடத்தில் 3 நிமிடம் அசையாமல் நின்று கேட்க வேண்டும். குரல்களைத் தனித்தனியே எண்ண முடிந்தால் 1, சில குரல்கள் கலந்தும் எண்ணிக்கையை மதிப்பிட முடிந்தால் 2, பிரித்தறிய முடியாத பேரொலியானால் 3 என்று ஒவ்வோர் இனத்துக்கும் குறிக்க வேண்டும். தவளையின் தோல் எதையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், நுளம்புத் தைலம் பூசிய கையால் அதைத் தொடாதீர்கள். ஒரு குளத்துத் தவளையை மற்றொரு குளத்தில் விடவும் வேண்டாம். பூஞ்சை நோய் அப்படித்தான் பரவுகிறது.

தூண்டில் போட, 18 முதல் 64 வயது வரையுள்ளவர்களுக்குப் பொதுவாக மீன்பிடி அனுமதிப்பத்திரம் தேவை. கடந்த 12 மாதங்களில் தொடர்ச்சியாக 6 மாதங்களாவது ஒன்ராறியோவில் வாழ்ந்திருந்தால்தான் மாகாண வதிவாளராகக் கணக்கிடப்படுவீர்கள்; எனவே வந்த புதிதில் கட்டணம் வேறாக இருக்கும். தந்தையர் தின வார இறுதி போன்ற சில நாட்களில், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மாகாண வதிவாளர்கள் பத்திரமின்றியும் பிடிக்கலாம். எந்த மீனை எப்போது, எத்தனை பிடிக்கலாம் என்பது வலயத்துக்கு வலயம் மாறும். பிடித்ததை விற்பது குற்றம்.

சீருடை அணிந்த இயற்கைவளக் காப்பு அலுவலர் ஒருவர் கரைக்கு வந்து பத்திரத்தையும் மீனையும் காட்டச் சொல்வார். போர்க்காலத்தில் கடலுக்குப் போகப் பாஸ் காட்டிய நம்மவருக்கு அந்த நேரம் நெஞ்சு பதறுவது இயல்பே. ஆனால் இது எல்லாரிடமும் செய்யப்படும் வழமையான சோதனை. அமைதியாகக் காட்டினால் போதும்.

சமையல் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரிய, வயது முதிர்ந்த மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். வேறு சில நச்சுகள் கொழுப்பில் தங்கும். ஆகவே சினை, ஈரல், வயிற்றுக் கொழுப்பு எல்லாவற்றையும் ஊரில் போலக் குழம்பில் இட வேண்டாம். எந்த நீர்நிலையின் எந்த மீனை மாதத்துக்கு எத்தனை முறை உண்ணலாம் என்று மாகாண அரசு வழிகாட்டி வெளியிடுகிறது. கர்ப்பிணிகளும் சிறுவர்களும் உண்ணும் வீட்டில் அதைப் பார்க்காமல் உலை வைக்காதீர்கள்.

வேட்டைக்கு அவசரப்பட வேண்டாம். வேட்டைக் கல்விப் பயிற்சியில் தேற வேண்டும். துவக்கு வைத்திருக்க, பாதுகாப்புப் பாடநெறியை முடித்துக் கூட்டாட்சி அரசின் தனி உரிமமும் பெற வேண்டும். வேட்டையாடாதவர்களும் இலையுதிர்கால மான் வேட்டைப் பருவத்தில், வேட்டை அனுமதிக்கப்பட்ட காடுகளில் நடக்கும்போது பளிச்சென்ற செம்மஞ்சள் மேலாடை அணிந்துகொள்ளுங்கள்.