முதலாண்டுப் பிள்ளைகளுக்கு எது முதலில்: இலக்கணமா, வாசிப்பா?

ஆங்கிலத்துறை_அக்கா:
அரசு கலைக் கல்லூரியில் ஆங்கிலம் எடுக்கிறேன். முதலாண்டில் 60 பேர். பாதிக்கு மேல் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். ஒரு பக்கம் படித்துவிட்டு நாலு வரி சொந்தமாக எழுதச் சொன்னால் கை ஓடவில்லை. கல்லூரி தொடங்கும்போது பள்ளிப் பாடத்தையும் கல்லூரிப் பாடத்தையும் இணைக்க நடத்துகிற பிரிட்ஜ் கோர்ஸ் சில நாளில் முடிந்துபோகிறது. முதல் செமஸ்டர் முழுக்க தினம் ஒரு மணி நேரம் வாக்கிய அமைப்பும் டென்ஸும் தனி வகுப்பாக நடத்த வேண்டும் என்கிறேன். அஸ்திவாரம் போடாமல் அசைன்மென்ட் கேட்பது அநியாயம்.

கரும்பலகை:
மேடம், நான் பொருளாதாரம் எடுக்கிறேன். பணவீக்கம் பற்றித் தமிழில் ஒரு பத்தி கொடுத்து, ‘இதில் ஆசிரியர் எதை நிறுவப் பார்க்கிறார்?’ என்று தமிழிலேயே எழுதச் சொன்னேன். இரண்டு பேர் தவிர எல்லாரும் அந்தப் பத்தியையே திருப்பி எழுதிக் கொடுத்தார்கள். ஒரு எழுத்துப்பிழை இல்லை. பள்ளி முழுக்கக் கைடு பார்த்து எழுதிய பிள்ளைக்குப் பத்தி என்றாலே ஒப்பிக்க வேண்டிய சரக்கு. டென்ஸ் சொல்லிக் கொடுத்தால் இது தீராது.

ஆங்கிலத்துறை_அக்கா:
தமிழில் எழுத விடுகிற பாடம் உங்களுக்கு. கணினி அறிவியல் எடுத்த பிள்ளை எங்கே போவாள்? புத்தகம், பரீட்சை, வேலைக்கான நேர்காணல் எல்லாமே ஆங்கிலம். வாக்கியமே பிடிபடாதவளிடம் ‘ஆசிரியர் எதை நிறுவுகிறார்’ என்று கேட்டால் அழுகைதான் வரும். இது என் வகுப்பில் நடந்தது.

முதல்தலைமுறை:
அக்கா, இப்போது பிஎச்.டி. பண்ணுகிறேன். முன்பு தனி ரெமிடியல் வகுப்பில் உட்கார்ந்தவள். மற்றவர்கள் வீட்டுக்குப் போகும்போது எங்களை மட்டும் நிறுத்தி வைப்பார்கள். ‘மக்கு பேட்ச்’ என்று பெயர். அங்கே நிரப்பிய கோடிட்ட இடங்களில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை, பெயர் மட்டும் மறக்கவில்லை. ஆனால் கரும்பலகை சார், பிழையைச் சின்ன விஷயம் ஆக்காதீர்கள். என் முதல் கட்டுரையை மொழிக்காகவே திருப்பி அனுப்பினார்கள். கருத்தை யாரும் படிக்கவே இல்லை.

கரும்பலகை:
நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், அம்மா. இலக்கணம் வேண்டும். தனி அறையில் வேண்டாம். அமெரிக்காவில் பால்டிமோர் கவுண்டி சமுதாயக் கல்லூரியில் 2007-இல் ஒரு மாற்றம் செய்தார்கள். எழுத்தில் பின்தங்கியவர்களை முதலில் தனி வகுப்பில் வைக்காமல், நேராக எல்லாரோடும் வழக்கமான எழுத்து வகுப்பில் உட்கார வைத்தார்கள். அது முடிந்ததும் அதே ஆசிரியர் அவர்களுக்கு மட்டும் சிறு குழுவாக இன்னொரு வகுப்பு எடுப்பார். அன்று எழுதியதில் எங்கே தடுக்கியதோ அங்கே இலக்கணம். அந்த முறை பல கல்லூரிகளுக்குப் பரவியது.

தமிழ்த்துறை_மதுரை:
மேற்கோள் காட்டி வாதிடுவதை வெளிநாட்டு வித்தை என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். நன்னூல் என்ற இலக்கண நூலின் பாயிரத்திலேயே, அதாவது முன்னுரையிலேயே, ‘எழுவகை மதம்’ இருக்கிறது (மதம் என்றால் இங்கே கொள்கை): உடன்படல், மறுத்தல், பிறர் கருத்தை ஏற்றுப் பின் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் முரண்பட்டால் ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலில் குற்றம் காட்டல், எவரோடும் சேராமல் தன் கருத்தைக் கொள்ளல். ஆய்வுக் கட்டுரை செய்கிற வேலையும் இதுதானே? இந்த ஏழையும் பலகையில் எழுதி, ஒரு கட்டுரையைப் படிக்கவைத்து, ஏதாவது ஒன்றைத் தேர்ந்து ஐந்து வரி எழுதச் சொல்வேன். முதலில் எல்லாரும் உடன்படலைத்தான் எடுப்பார்கள். மூன்றாம் வாரம் ஒரு பெண் ‘களைதல்’ எடுத்தாள். எழுதிவிட்டு, ‘இப்படி எழுதலாமா சார்?’ என்று கேட்டாள். மறுக்கலாம் என்று அதுவரை யாரும் அவளுக்குச் சொன்னதே இல்லை.

ஆங்கிலத்துறை_அக்கா:
அந்தப் பெண்ணைப் பற்றிப் படித்ததும் மனசு நெகிழ்ந்தது, ஐயா. ஆனால் செமஸ்டர் விடைத்தாளில் அவள் களைந்தால் மார்க் விழுமா? பல கல்லூரி விடைத்தாள்களை ஒரே இடத்தில் திருத்துகிற சென்ட்ரல் வேல்யூவேஷனில் உட்கார்ந்திருக்கிறேன். பத்து மார்க் கேள்விக்கு அடிக்கோடிட்ட சப்ஹெடிங்கைத்தான் எண்ணுகிறோம். அப்புறம், நாலு வகுப்பு, 240 நோட்டு. யார் திருத்துவது?

கரும்பலகை:
நோட்டு வேண்டாம் மேடம். வகுப்பு முடியும்போது ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டில் ஒரே ஒரு வாக்கியம்: ‘ஆசிரியர் சொல்வது இது, நான் நினைப்பது இது.’ 60 சீட்டைப் பஸ்ஸிலேயே படித்துவிடலாம். பலருக்கும் வருகிற பிழை இரண்டை எடுத்து மறுநாள் பத்து நிமிடம் நடத்துங்கள். வேல்யூவேஷனுக்கு என்னிடம் பதில் இல்லை. கல்லூரியிலேயே போடுகிற இன்டர்னல் 25 மார்க் நம் கையில் இருக்கிறது, அங்கே தொடங்கலாம்.

ஆங்கிலத்துறை_அக்கா:
சீட்டு திங்கட்கிழமை கொடுத்துப் பார்க்கிறேன். பத்து நிமிடம் போதாது, இருபது எடுப்பேன்.