புதுப்பிப்பு: மாமாவுக்கு ஏன் மஞ்சள் காமாலை வந்தது

யாங்கோனில் மாமா சிறுநீரகத் தொற்றோடு ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கண் மஞ்சளாகிவிட்டது, கல்லீரலும் கெட்டுவிட்டதா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை. ஸ்கேனில் பித்தக்கல்லும் இல்லை, பித்தக்குழாய் வீக்கமும் இல்லை. அடைப்பே இல்லாமல் பித்தம் தேங்கியிருக்கிறது. சிறுநீரகத் தொற்றிலிருந்து ரத்தத்தில் கலந்த ஈ.கோலை கிருமியின் நச்சு, கல்லீரலில் உள்ள குப்ஃபர் செல்களை (கிருமிகளை எதிர்க்கும் செல்கள்) தூண்டிவிடுகிறது. அவை சுரக்கும் அழற்சிப் பொருட்களால், பித்த உப்பையும், மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபினையும் பித்த நுண்குழாய்க்குள் தள்ளுகிற புரதங்கள் குறைந்துபோகின்றன. கல்லீரல் பிலிருபினைப் பக்குவப்படுத்திவிடுகிறது, வெளியே அனுப்பத்தான் முடியவில்லை. மாமாவின் ரிப்போர்ட்டிலும் நேரடி பிலிருபின்தான், அதாவது கல்லீரல் பக்குவப்படுத்திய பிலிருபின்தான் கூடுதல். கல்லீரல் செல்கள் சேதமானால் ஏறும் எஸ்ஜிபிடி என்ற நொதி கொஞ்சம்தான் ஏறியிருந்தது.

கீழாநெல்லி கொடுக்கச் சொன்னவர்களின் அக்கறை புரிகிறது. ஆனால் இந்த நிலையில் டாக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இங்கே வைத்தியம் தொற்றுக்குத்தான். அது அடங்கினால் பித்தம் தானே ஓடத் தொடங்கும்.

இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது. கஞ்சி குடிக்கிறார், அத்தையிடம் மொஹிங்கா (பர்மிய மீன் நூடுல்ஸ் சூப்) வேறு கேட்கிறார். கண் மட்டும் இன்னும் மஞ்சள். பிலிருபினில் ஒரு பகுதி ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளுமாம். அதனால் தொற்று போன பிறகும் மஞ்சள் வாரக்கணக்கில் நிற்கலாம். அடுத்த ரத்தப் பரிசோதனை திங்கட்கிழமை. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.